இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்:
ஹீபி இனிமேல் ஹீபி இல்லை.
திங்கட்கிழமைக்குள் எல்லாத் தொட்டிகளிலும்
வெரோனிக்கா என்று இருக்க வேண்டும்.

இன்வர்கார்கில். சனிக்கிழமை.
காலண்டரில் கோடைக்காலம்,
தெற்குக் கடலிலிருந்து வரும் காற்று
காலண்டர் பார்ப்பதில்லை.
விரல் நுனி வெட்டிய கையுறையோடு
பென்சிலும் தகரச் சீட்டுமாய்
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தொட்டி.
இடுப்பளவுப் புதர்,
யாரும் கத்தரிக்காமலே உருண்டை.
இலைக்கு எதிர் இலை, அடுத்த ஜோடி குறுக்கே;
மேலிருந்து பார்த்தால்
தாயக்கட்டம் விரித்ததுபோல் நான்கு கை.
கிளை நுனியின் கடைசி இரண்டு இலைகள்
கும்பிட்டபடி மூடியிருக்கும்.
கும்பிட்ட கையின் மணிக்கட்டில்
ஊசி நுழையும் சந்து ஒன்று இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.
இருந்தால் ஓர் இனம்,
இல்லையென்றால் இன்னொன்று.
பூக்காத மாதங்களில்
இந்தச் சந்தை நம்பித்தான் என் பிழைப்பு.

இப்போது பூத்திருக்கிறது.
ஒரே கதிரில்
உச்சியில் அரும்பு, கீழே போது,
அதற்கும் கீழே மலர்,
அடியில் உதிர நிற்கும் வீ.
ஊதாவாய்த் திறந்து
நாலைந்து நாளில் வெளுத்துவிடும்;
ஒவ்வொரு கதிரும்
பாதி சாயம் போன துணி.
இளமைத் தெய்வத்தின் பெயரை
இதற்கு வைத்தவர்
மேல்பாதியை மட்டும் பார்த்திருப்பார்.

இதழ் நான்கு, கீழிதழ் சற்றே ஒடுக்கம்.
மகரந்தத்தாள் இரண்டே இரண்டு,
நத்தைக் கொம்புபோல் வெளியே நீட்டி.

முன்பு இவையெல்லாம் வெரோனிக்காவாகத்தான் இருந்தன.
தண்டு மரமாகிறது என்று
தனிக்குடித்தனம் வைத்தார்கள்.
மரபணுவைப் படித்துவிட்டு
இப்போது வீட்டுக்குத் திரும்பி வா என்கிறார்கள்.
என் அக்கா எஃபி
இரண்டு முறை கையெழுத்து மாற்றியவள்.
பழைய கையெழுத்தோடு மூன்றாவது முறை போனபோது
வங்கியில் சிரித்தார்களாம்.

அறுபதாவது சீட்டில் கை நின்றது.
தொட்டி மண்ணில் படர்ந்த களையை
வழக்கம்போல் பிடுங்கப் போனேன்.
பொட்டளவு நீலப் பூ.
இதழ் நான்கு, கீழிதழ் ஒடுக்கம்.
மகரந்தத்தாள் இரண்டு.
இதன் பெயர் எனக்குத் தெரியும்,
களைக்கொல்லி டப்பாவின் முதுகில்
படத்தோடு போட்டிருக்கும்.
வெரோனிக்கா.
பதினேழு வருஷமாய்
உறவைப் பிடுங்கி எறிந்துவிட்டு
உறவுக்கே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.
பிடுங்கினேன். பிடுங்கத்தானே சம்பளம்.
ஆனால் கொஞ்சம் மெதுவாக.

ஹுரியானா தேநீர் கொண்டுவந்தாள்.
நேற்றைய சிப்பி அவள் வயிற்றைக் கலக்கியிருந்தது.
ஏழாம் வரிசையில் நீள இலைப் புதரின்
குருத்து இரண்டைக் கிள்ளி
முகம் சுளித்து மென்றாள்.
"இதற்கு என்ன பெயர் எழுதப்போகிறாய்?"
சொன்னேன்.
"நீ எழுதிக்கொள்.
எங்களுக்கு இது அன்றும் கோரோமிகோ,
இன்றும் கோரோமிகோ.
வயிற்றுக்குத் தெரிந்தால் போதும்."

அவள்தான் அதைக் காட்டினாள்.
ஊசியிலைச் செடிகளின் வரிசையில்
மூன்று வருஷமாய் நிற்கும் ஒரு தொட்டி.
இலையென்று சொல்ல ஒன்றுமில்லை;
பச்சைக் கயிறு முறுக்கியதுபோல் கிளைகள்
செதிலோடு செதில் ஒட்டி.
சைப்ரஸ் குட்டி என்று
நானே அங்கே வைத்தது,
என் கையெழுத்திலேயே சீட்டு.
அந்தக் கயிற்றின் நுனியில்
இன்று காலை வெள்ளையாய் ஏதோ.

குனிந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
இதழ் நான்கு.
நத்தைக் கொம்பு இரண்டு.

மூன்று வருஷம் வாய் திறக்காமல்
பைன்களுக்கு நடுவே பைனாக நின்றிருக்கிறது.
நான் சந்து இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

இருநூற்றுப் பதின்மூன்றாவதாய் ஒரு சீட்டு எழுதினேன்.
தொட்டியை இடம் மாற்றினேன்.
விலையை மட்டும் மாற்றவில்லை,
ஊசியிலைக்கு இரண்டு டாலர் கூடுதல்.